ஆறாவது மாதிரி

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று உறுதியானது: கட்டுரைக்காகக் கோவையின் ஆறு கடைகளில் நான் வாங்கிய ஆறு வகை டெம்பர் கிளாஸ்களில் இரண்டு கண்ணாடியே அல்ல, கெட்டிப் பிளாஸ்டிக். சொன்னவர் டாக்டர் ஞானசுந்தரி, பொறியியல் கல்லூரியின் பொருள் ஆய்வகப் பொறுப்பாளர். கையெழுத்திட்ட அறிக்கை என் பையில் இருக்கிறது.

மீதி நான்கும் உறையில் அச்சிட்டபடி 9எச் கடினம் உள்ளவைதான். ஆனால் அந்த 9எச் பென்சில் கணக்கு. மிகக் கடினமான பென்சிலால் கிழித்தாலும் கீறல் விழாது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஞானசுந்தரி ஒரு சிட்டிகை மணலைத் தூவி, துணியை வைத்து ஒரு தேய் தேய்த்தார். நான்கிலும் கீறல். கைப்பேசித் திரைக்குச் சாவியைவிடச் சட்டைப்பைத் தூசிதான் ஆபத்து என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி எப்படி உறுதியாகிறது என்று கேட்டேன். உருக்கிய உப்பில் முக்கி வைப்பார்களாம். உப்பிலிருக்கும் பெரிய அணுக்கள், கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சின்ன அணுக்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நெருக்கி உட்காரும். "பழனி போற பஸ்ஸு மாதிரி சார். நெருக்கிட்டு நிக்கிற வரைக்கும் யாரும் விழமாட்டாங்க" என்றார். கீறல் அந்த நெருக்கத்தைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், அடுத்த சின்ன அடிக்கே உடையும்.

ஒவ்வொரு கடையிலும் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று என் கையில். ஆறாவது மாதிரி கிராஸ்கட் சாலைச் சந்து ஒன்றில் வாங்கியது. கடைக்காரர் பெயர் கோகிலவாணி, முப்பத்தைந்து வயதிருக்கும். ஒன்றை அவரே என் கைப்பேசியில் ஒட்டிக் கொடுத்தார். ஒரு குமிழி இல்லை. ஆய்வகத்தில் மணலைத் தவிர மற்ற எல்லாச் சோதனையிலும் தேறியது இதுதான்.

ஒரு குறை. ஒட்டிய மறுநாளிலிருந்து, செய்தி படிக்கும்போது திரையின் நடுவில் வரிகள் நெளிகின்றன. தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் பார்ப்பது போல இருக்கிறது. ஆய்வகத்தில் இதற்குச் சோதனை இல்லையாம். நானே பார்க்க வேண்டியதுதான்.

மனைவி தமயந்தி புதன்கிழமை காலை எனக்குக் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். பழைய மூக்குக்கண்ணாடிக்கு மூன்று வயது ஆகிறது, மாற்றத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஆட்சியர் திடீரென்று செய்தியாளர் கூட்டம் வைத்துவிட்டார். கண் மருத்துவரிடம் போக முடியவில்லை.

தமயந்தி கோபித்துக்கொண்டாள். "உங்க அண்ணனும் இப்படித்தானுங்க சொல்லீட்டு இருந்தாரு. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு." அண்ணன் பொள்ளாச்சியில் இருக்கிறார். அவருக்கு எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. ஓரங்கள் தெரியும், நடுவில் புகை. குரலைக் கேட்டுத்தான் ஆளைச் சொல்வார். போன தையில் போனபோது என் தோளைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளிங்கிரி, எளச்சுட்டயே" என்றார்.

அதற்கும் டெம்பர் கிளாஸுக்கும் தொடர்பில்லை. தமயந்தியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோகிலவாணியின் கடைக்கு ஆள் அனுப்பி, அலுவலக டேப்லெட்டுக்கும் அதே வகைக் கண்ணாடி வாங்கி ஒட்டினேன். அதிலும் நடுவில் வரிகள் நெளிகின்றன.

முப்பத்தோரு வருடமாக ஒரு விதி வைத்திருக்கிறேன். இரண்டு ஆதாரம் இல்லாமல் எந்தச் செய்தியும் என் கையைவிட்டுப் போகாது. இப்போது இரண்டு கருவி, இரண்டு மாதிரி. போதாதென்று செய்தி ஆசிரியர் இம்மானுவேலிடமும் காட்டினேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "நடுவுல வளையுதா இல்லையா, பாருங்க" என்றேன். ஒரு கணம் பார்த்து, "ஆமாங்கண்ணா, லேசா வளையற மாதிரித்தான் இருக்குது" என்றார். மூன்றாவது ஆதாரம்.

கைப்பேசியிலிருந்து உரித்துவிட்டு ஒருமுறை பார்க்கலாம் என்று தோன்றியது. உரித்தால் மாதிரி வீணாகும். ஆதாரத்தைக் கலைப்பது முறையல்ல. விட்டுவிட்டேன்.

இப்போது கட்டுரைக்கு முகப்பு கிடைத்துவிட்டது. பிளாஸ்டிக்கைக் கண்ணாடி என்று விற்பது ஏமாற்று. கண்ணுக்குக் கேடு செய்யும் கண்ணாடியை விற்பது அதைவிடப் பெரிய விஷயம். அடுத்த ஞாயிறு இணைப்பில் இரண்டு பக்கம் தருவதாக இம்மானுவேல் சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நம் நாளிதழின் இன்றைய மூன்றாம் பக்கத்தில் பத்திகளுக்கு நடுவே இழுத்திருக்கும் கோடு நேராக இல்லை. அச்சகத்துக்கு அழைத்துத் தகட்டைச் சரியாக மாட்டச் சொன்னேன். ஃபோர்மேன் எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

தமயந்தி காப்பி டம்ளரை மேசையின் விளிம்பை ஒட்டி வைத்துவிட்டாள். கை பட்டுக் கொட்டியது. குறிப்புத் தாள்கள் நனைந்தன. இனி நடுவில் வை என்றேன். நடுவில்தான் வைத்தேன் என்றாள்.

அவள் மறுபடி நேரம் வாங்கியிருக்கிறாள், வியாழன். கட்டுரை முடிந்ததும் போகலாம் என்று மாற்றச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை நன்றாக இருந்தது. இன்று மருத்துவமனை இருக்காது என்று நினைத்தேன். இருக்கிறதாம், தமயந்தி விசாரித்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

குற்றம் சாட்டப்படுபவரின் தரப்பைக் கேட்காமல் எழுதக் கூடாது. ஐந்து கடைக்காரர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். மூவர் பேச மறுத்தார்கள், இருவர் மொத்த வியாபாரியின் மேல் பழியைப் போட்டார்கள். கோகிலவாணியின் கடைக்கு மட்டும் நேரில் போனேன்.

கடை ஒரு கதவு அகலம்தான். சுவர் முழுக்க உறைகள் தொங்குகின்றன. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கட வெச்சு ஒம்பது வருசமாச்சுங்க சார். ஒடஞ்சு போச்சுன்னு வருவாங்க. குமிழி வந்துருச்சுன்னு வருவாங்க. டச்சு வேல செய்யலைன்னு சண்டைக்கு வருவாங்க. கோடு வளையுதுன்னு வந்தது நீங்கதான் மொத ஆளு."

என் கைப்பேசியை வாங்கிக் கடையில் நின்றிருந்த மூன்று பேரிடம் காட்டினார். ஒருவர் கல்லூரி மாணவி, ஒருவர் ஆட்டோ ஓட்டுநர், ஒருவர் வங்கியில் வேலை செய்பவர். என்ன தெரிகிறது என்று மட்டும்தான் கேட்டார். மூவரும் எழுத்து தெரிகிறது என்றார்கள். வரி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, நேராக இருக்கிறது என்றார்கள். ஆட்டோக்காரர் மட்டும், "ஏம்மா, இதுக்கு ஏதாச்சும் பரிசு உண்டா?" என்றார்.

மூவரும் அவருடைய வாடிக்கையாளர்கள். சார்பற்ற சாட்சிகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஊட்டி, குன்னூர்க் கடைகளுக்குக் கோகிலவாணிதான் சரக்கு அனுப்புகிறார். கடையின் உண்மையான வியாபாரம் அதுதான் என்றும், இந்தக் கதவில் நடப்பது வாடகைக்குச் சரியாகப் போகும் என்றும் சொன்னார். "பேரு போடாம எழுத முடியாதுங்களா?" என்று கேட்டார். ஆறு கடையின் பெயரும் வருகிறது, ஒன்றை மட்டும் விட முடியாது என்றேன்.

அவர் கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரிங்க. அப்படீன்னா இதையும் எழுதுங்க. கடைல நின்ன மூணு பேரு பாத்தாங்க, நேராத்தான் இருக்குதுன்னு சொன்னாங்கன்னு எழுதுங்க. அது நடந்ததுதானுங்களே."

எழுதுகிறேன் என்றேன்.

மாலையில் கட்டுரையை முடித்துக் கொடுத்தேன். நீளம் அதிகமாகிவிட்டது. மூன்று பேர் சொன்ன வரியை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 30, சனி

ஊட்டி, குன்னூர் போகும் மலைப் பதிப்பு முதலில் அச்சேறும், நகரப் பதிப்பு பிறகு. நகரப் பதிப்பில் ஒரு விளம்பரம் விலகி இடம் கிடைத்தது. நான் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் போடலாம் என்று இம்மானுவேல் என்னைப் பக்க வடிவமைப்பு அறைக்குக் கூப்பிட்டார். கோடு போட்ட தாளின் படத்தைக் கைப்பேசியில் திறந்துவைத்து, மேலே ஒட்டிய ஆறாவது மாதிரியோடு சேர்த்துக் கேமராவில் எடுத்தது அது.

பெரிய திரையில் படம் வந்தது. கோடுகள் நடுவில் நன்றாகவே வளைந்திருந்தன. திருப்தியாக இருந்தது.

"இதுல நேராத்தானுங்கண்ணா இருக்குது" என்றார் இம்மானுவேல். "நேர்ல பாத்தாத்தான் வளையுமோ?"

வடிவமைப்பாளரும் நேராக இருக்கிறது என்றார்.

பக்கத்தை வெட்டி ஒட்டிய காலத்து எஃகு அளவுகோல் ஒன்று என் மேசை இழுப்பறையில் உண்டு. எடுத்துவந்து திரையில் ஒரு கோட்டின் மேல் வைத்தேன், கோடு அளவுகோலைவிட்டு எங்கே விலகுகிறது என்று அவர்களுக்குக் காட்ட.

கோடு விலகவில்லை. அளவுகோலும் அதே இடத்தில் வளைந்திருந்தது.

அளவுகோலை மெதுவாக மேலே நகர்த்தினேன். வளைவு அதனோடு நகரவில்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே இருந்தது.

வலது கண்ணை மூடினேன். பிறகு அதைத் திறந்து இடது கண்ணை மூடினேன்.

இம்மானுவேலிடம், ஆறாவது மாதிரி பற்றிய பத்திகளை எடுத்துவிடுங்கள், இன்னும் ஓர் உறுதி தேவைப்படுகிறது என்றேன். முகப்பும் தலைப்பும் அதுதானே என்றார். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். மணல் வரியை முகப்பாக வைத்தோம்.

"இங்க எடுத்தறலாமுங்கண்ணா. மலைப் பதிப்பு ஓடிருச்சே. வண்டி மேட்டுப்பாளையம் தாண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தமயந்தி என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மலைப் பதிப்பின் தலைப்பு: 'கண்ணைக் கெடுக்கும் கண்ணாடி'. கோகிலவாணியின் கடைப் பெயர் மூன்றாவது வரியில் இருக்கிறது.

காலையில் அவர் அழைத்தார். குளித்துக்கொண்டிருந்தேன். பிறகு இருமுறை அழைத்தார். குளித்து முடித்திருந்தேன்.

தமயந்தியிடம் நாளைக்கு நேரம் வாங்கச் சொன்னேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் மாற்றச் சொன்னபோது அவள் மாற்றித்தான் வைத்திருக்கிறாள், ஒருமுறையும் ரத்துச் செய்யவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஒரு தாளில் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். புள்ளியைச் சுற்றிக் கட்டங்கள் நெளிந்தன. கைப்பேசி இல்லை, டெம்பர் கிளாஸ் இல்லை. வெறும் தாள்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: வலது விழித்திரையின் நடுப்பகுதிக்குக் கீழே புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த நடுப்பகுதியால்தான். கண்ணுக்குள் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட வேண்டும். கசிவை நிறுத்த முடியும். இழந்தது திரும்புமா என்பது எவ்வளவு சீக்கிரம் தொடங்கினோம் என்பதைப் பொறுத்தது. குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா என்று கேட்டார். தமயந்தி அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

"கோடு வளையறது எப்ப இருந்து தெரியுது?"

எழுதி வைக்கிற பழக்கம் இருப்பதால் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆகஸ்ட் 16. மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார். பேனாவை மூடிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

டெம்பர் கிளாஸ் ஒட்டிய மறுநாள் தொடங்கியது எப்படி என்று கேட்டேன். அதற்கு முன்பே தொடங்கியிருக்கும், புதிதாக ஒன்றை ஒட்டியதும் உற்றுப் பார்த்திருப்பீர்கள் என்றார்.

இரண்டு கருவி, இரண்டு மாதிரி. இரண்டையும் பார்த்தது ஒரே கண். இரண்டு பேர் சொன்னதாக எழுதிவிட்டு, ஒருவர் சொல்லித்தான் மற்றவருக்கே தெரியும் என்று பிறகு கண்டுபிடிக்கிற இளம் நிருபர்களை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

மூன்றாவது ஆதாரம் இம்மானுவேல். அவரிடம் வளைகிறதா என்று கேட்டேன். கோகிலவாணி அந்த மூவரிடம் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

செப்டம்பர் 3, புதன்

காலையில் முதல் ஊசி. வலி அதிகமில்லை. ஊசி நெருங்குவது தெரியாது, ஒரு நிழல் மட்டும் தெரியும். கண்ணின் மேல் ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டி அனுப்பினார்கள். இன்று முழுக்க எடுக்கக் கூடாது.

தமயந்தி வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். கிராஸ்கட் சாலைக்கு விடச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் ஓட்டுநரிடம் வழி சொன்னது அவள்தான்.

கோகிலவாணி என் கண் மூடியைப் பார்த்துவிட்டு உட்கார முக்காலியைத் தள்ளினார். கடையின் ஓரத்தில் பிரிக்காத இரண்டு பெட்டிகள் இருந்தன. ஊட்டிக் கடைகள் திருப்பி அனுப்பியவை. குன்னூர்க்காரர் பேசவே இல்லையாம். ஊட்டிக்காரர் ஒருவர் மட்டும் பேசியிருக்கிறார். எங்க பசங்க கண்ணு கெடணுமா என்று கேட்டிருக்கிறார்.

நடந்ததைச் சொன்னேன். அளவுகோலைச் சொன்னேன். கட்டம் போட்ட தாளைச் சொன்னேன். அவர் தமயந்தியைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ கூப்புட்டனுங்க ஞாயித்துக்கெழம."

"தெரியுமுங்க" என்றேன்.

"எடுத்திருக்கலாமுங்க. திட்டறதுக்குக் கூப்புடல. கடக்காரங்ககிட்ட என்ன சொல்லட்டும்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

திருத்தம் வரும் என்றேன்.

"எப்படிங்க? மூலைல ஒரு வரி, தவறுதலா வந்துருச்சுன்னு போடுவாங்களே, அதுங்களா? அதப் பாத்து யாரும் சரக்கு எடுக்கமாட்டாங்க. கடைக்காரி பணங் குடுத்துப் போட வெச்சுட்டான்னுதான் சொல்லுவாங்க."

கண்ணாடியில் பழுதில்லை, பார்த்த நிருபரின் கண்ணில்தான் பழுது என்று எழுதுவேன், என் பெயர் போட்டு எழுதுவேன் என்றேன்.

கோகிலவாணி முதன்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"அப்படி எழுதுனா உங்களுக்கு வேலைல ஒண்ணும் ஆயிராதுங்களா? கண்ணுத் தெரியாத நிருபர்னு..." பாதியில் நிறுத்தினார்.

ஆகலாம் என்றேன்.

"எழுதுங்க" என்றார். "அந்த மூணு பேரு சொன்னதையும் சேத்து எழுதுங்க. அன்னிக்கு எழுதறேன்னு சொன்னீங்க."

தமயந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வரியை எடுத்தது அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 4, வியாழன்

திருத்தத்தை எழுதிக் கொடுத்தேன். இம்மானுவேல் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தால் போதும், கண்ணைப் பற்றியெல்லாம் எதற்கு, நிர்வாகத்தில் யாராவது படித்தால் அடுத்த மாதமே உங்களை மேசை வேலைக்கு மாற்றுவார்கள் என்றார். எழுதியபடியே வரட்டும் என்றேன்.

கடைசியில், "அன்னிக்கு நான் சரியாப் பாக்கவே இல்லீங்கண்ணா" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லீட்டேன்."

அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பத்தோரு வருடமாக அப்படிச் சொல்ல அலுவலகத்தைப் பழக்கியவன் நான்.

திருத்தத்தின் கடைசிப் படியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தமயந்தி ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். மூன்று பேர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தினாள். பிறகு மேலே படித்தாள்.

மாலையில் கைப்பேசியை மேசையில் வைத்தேன். மேசை நான் நினைத்த இடத்தில் இல்லை. சிமென்ட் தரையில் முகம் குப்புற விழுந்தது. எடுத்தால் ஆறாவது மாதிரி மூலைக்கு மூலை சிலந்தி வலையாக உடைந்திருந்தது. தமயந்தி நகத்தால் நெம்பி அதை உரித்து எடுத்தாள். உள்ளே இருக்கும் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆதாரம்: தமயந்தி. இரண்டாவது ஆதாரம்: கைப்பேசியை வாங்கிப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்கப்பட்டவர்.

நிலுவையில் இருப்பவை:

திருத்தம், செப்டம்பர் 7, ஞாயிறு. எல்லாப் பதிப்பிலும், மலைப் பதிப்பில் அதே பக்கத்தில் அதே அளவில். ஊட்டிக்காரர் பெட்டிகளைத் திரும்ப எடுப்பாரா என்பது அதற்குப் பிறகு, திங்கள் அல்லது செவ்வாயில் தெரியும். குன்னூர்க்காரர் பற்றிக் கோகிலவாணிக்கு நம்பிக்கை இல்லை.

என் வேலை பற்றி நிர்வாகம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எப்போது சொல்லும் என்று தெரியாது.

வலது கண்: இரண்டாவது ஊசி அக்டோபர் 3, மூன்றாவது நவம்பர் 3. கோடு நேராகுமா என்பதை அதற்கு முன் மருத்துவர் சொல்ல மாட்டார். அன்று கட்டம் போட்ட தாளை மறுபடி என் முன் வைப்பார்கள். தமயந்தியும் உடன் வருகிறாள். நான் சொல்வதை அவள் எழுதிக்கொள்வதாகப் பேச்சு.